14 படங்களில் இல்லாதது: ஒரு ஜாகுவார் இ-டைப் விளம்பரத்தை எடைபோட்ட விதம்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்:

“1961 ஜாகுவார் இ-டைப் கூபே. சீரிஸ் 1, 3.8 லிட்டர், ஃபிளாட் ஃப்ளோர். மேட்சிங் நம்பர்ஸ். 30 வருடமாக ஷெட்டுக்குள் ஈரம் படாமல் நின்றது. நிறுத்தும்போது ஓடிய வண்டி. எஞ்சின் கையால் சுற்றுகிறது. 95 சதவீதம் முழுமை. சுலபமான ரெஸ்டோரேஷன். வீண் பேச்சு வேண்டாம்.”

கீழே 14 படங்கள். கேட்ட விலையை இந்தக் கட்டுரை முழுக்க 100 என்று வைத்துக்கொள்கிறேன். நாணயம் எதுவானாலும் கணக்கு இதே விகிதத்தில்தான் நிற்கும்.

இணைப்பை அனுப்பியவனை நான் தம்பி என்றுதான் சொல்வேன், உடன்பிறந்தவன் அல்ல. எட்டு வருடமாக என்னோடு சேர்ந்து பழைய வண்டிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன். இரவு பதினொரு மணிக்கு அழைத்தான்.

“அண்ணே, பாத்தீங்களா? காலைல அட்வான்ஸ் போட்டுடட்டுமா? விட்டா வேற யாராவது தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும்டா. மொதல்ல என்ன விக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்குவோம்.”

அவன் பல வருடம் சேர்த்து வைத்த பணம் அது. அதனால் இந்த ஒரு விளம்பரத்தோடு நான் மூன்று வாரம் உட்கார்ந்தேன். அந்த மூன்று வாரத்தில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதைப் படிப்பவருக்கு எதிரே நாளை வேறொரு வண்டி நிற்கலாம். ஆனால் பார்க்கும் முறை பெரும்பாலும் இதுதான்.

வண்டியைப் பற்றிச் சில வரிகள்

இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. உருவத்தை வடித்தவர் மால்கம் சேயர். 1955 முதல் 1957 வரை மூன்று வருடம் தொடர்ந்து லெ மான் பந்தயத்தில் வென்ற டி-டைப்பின் கட்டமைப்புதான் இதற்கும் மூலம். கதவும் இருக்கையும் உள்ள நடுப்பகுதி தகட்டாலான ஒரே கூடு. அதன் முன்னால் எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன சட்டம். அந்தச் சட்டம் கூட்டோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டது, வெல்டிங் செய்யப்பட்டதல்ல. இந்த ஒரு விவரம் பின்னால் மிக முக்கியமாக வரப்போகிறது.

எல்லா சீரிஸையும் சேர்த்தால் ஏறத்தாழ 72,500 வண்டிகள் தயாராயின. அவற்றில் 3.8 லிட்டர் எஞ்சினோடு வந்தவை ஏறத்தாழ 15,500. 1964 இறுதியில் 4.2 வந்துவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் இது அரிய வண்டி இல்லை. அரியவை முதல் வருடத்து வண்டிகள். முதல் 500 சொச்சம் வண்டிகளின் பானட்டை வெளியிலிருந்து ஒரு டி-வடிவச் சாவியால்தான் திறக்க முடியும். 1962 தொடக்கம் வரை வந்த வண்டிகளில் கால் வைக்கும் தளம் தட்டையாக இருந்தது. உயரமான ஓட்டுநர்கள் முழங்கால் இடிக்கிறது என்று குறைப்பட்டதால் குதிகாலுக்கு இடம்விட்டுத் தளத்தைக் குழித்தார்கள். அதே வருடம் சில மாதம் கழித்து, இருக்கையை இன்னும் பின்னுக்குத் தள்ள வசதியாக, பின்னால் உள்ள தடுப்புத் தகட்டிலும் ஒரு குழிவு கொடுத்தார்கள்.

ஆக, குழியில்லாத அந்தத் தட்டைத் தளம், அதாவது ‘ஃபிளாட் ஃப்ளோர்’, ஓட்டுபவருக்கு அசௌகரியம், சேகரிப்பவருக்குப் பொக்கிஷம். விளம்பரத்தில் அந்தச் சொல் ஒன்றுக்காக மட்டும் விலையில் கால்பங்குக்கு மேல் ஏறியிருந்தது.

சொற்கள்

இத்தனை வருடத்தில் நான் கவனித்தது: விற்பவர்களில் வேண்டுமென்றே பொய் சொல்கிறவர்கள் குறைவு. வண்டி கை மாறி வரும்போது கூடவே சில வாக்கியங்களும் கை மாறி வருகின்றன. ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், வெவ்வேறு வருடத்து உண்மைகளை ஒரே பத்தியில் கோத்து, இன்றைய உண்மைபோல் எழுதிவிடுகிறார்கள். அதனால் நான் விளம்பரத்தைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே “எப்போது?” என்று குறித்துக்கொள்கிறேன்.

‘நிறுத்தும்போது ஓடிய வண்டி.’ எப்போது நிறுத்தினார்கள்? அப்போது உள்ளே இருந்தது இதே எஞ்சினா? 30 வருடம் நின்ற பெட்ரோல் டாங்கில் பிசினாகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி சிலிண்டர்களைத் துருவேற்றிவிடும். இ-டைப்பில் பின் சக்கரங்களின் டிஸ்க் பிரேக் சக்கரத்தின் அருகே இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளது. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் கீழே இறக்க வேண்டும். நிறுத்தும்போது ஓடியது என்பதால் இந்த வேலையில் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது.

‘எஞ்சின் கையால் சுற்றுகிறது.’ பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை என்று மட்டும் இதிலிருந்து தெரிகிறது. ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். துருத்தடுப்பு கலக்காத தண்ணீர் பல வருடம் நின்றால் அலுமினியத்தில் உள்ள நீர்வழிகள் அரித்துப்போகும். கையால் சுற்றும்போது அது தெரியாது.

‘95 சதவீதம் முழுமை.’ எதில் 95? எடையிலா, எண்ணிக்கையிலா, விலையிலா? காணாமல் போன அந்த ஐந்து சதவீதம் எப்போதும் அரிதான பொருட்களாகவே இருக்கும்: கடிகாரம், விளக்கின் கண்ணாடி மூடி, ஒரு குரோம் பட்டை. இ-டைப்புக்கு இன்று பாடித் தகடு முழுவதும் புதிதாகச் செய்து கிடைக்கிறது. அந்த வகையில் அது அதிர்ஷ்டமான வண்டி. சில ஆயிரம் மட்டுமே தயாரான வண்டிகளில் நிலைமை தலைகீழ். 1970-களில் ஆல்ஃபா ரோமியோ மான்ட்ரியால் 4,000-க்கும் குறைவாகவே தயாரானது. அதைப்போன்ற வண்டியில் துருவைவிட ஒரு விளக்கோ கண்ணாடியோ இல்லாமல் போவதுதான் வருடக்கணக்கில் காக்க வைக்கும். துருப்பிடித்த தகட்டை நல்ல டிங்கர் கையால் செய்துவிடுவார். அச்சில் வார்த்த பொருளை யாரும் கையால் செய்ய முடியாது.

‘மேட்சிங் நம்பர்ஸ்.’ தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின் முதலான பாகங்கள் எண் மாறாமல் இன்றும் இருக்கின்றன என்று பொருள். எது எதோடு பொருந்துகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் வராதவரை அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

படங்கள்

14 படங்களில் ஐந்து, சின்னங்களும் ஸ்டீயரிங்கும். இரண்டு, முன்பக்கத்தின் அழகு. மூன்று, பக்கவாட்டில். எஞ்சின் இரண்டு. உள்ளே ஒன்று. பின்னால் ஒன்று. அடிப்பாகம் ஒன்றுகூட இல்லை. எண்கள் பொறித்த இடமும் இல்லை. எஞ்சின் படமொன்றில், வண்டியின் எண்களைத் தாங்கும் சிறு தகடான தகவல் தட்டின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. விற்பவர் எதைக் காட்ட விரும்புகிறார் என்பதைவிட எதன் பக்கம் கேமராவே போகவில்லை என்பதை முதலில் எழுதிவைப்பேன். ஜாக்கி போட்டு அடியில் படம் எடுப்பது சிரமம்தான். ஆனால் இந்த விலைக்கு அந்தச் சிரமத்தை ஏற்காதவர், ஒன்று அடியில் என்ன இருக்கிறதென்று அறியாதவர், இல்லையென்றால் நன்றாக அறிந்தவர்.

பொருந்தியவை நிறைய இருந்தன, அவற்றையும் நேர்மையாகக் குறித்தேன். முன்விளக்குகளுக்குக் கண்ணாடி மூடி இருந்தது, சீரிஸ் 1-க்கு அது சரி. டாஷ்போர்டின் நடுவில் புள்ளி அச்சிட்ட அலுமினியத் தகடு, முற்காலத்து 3.8-க்குச் சரி. எஞ்சினில் டைனமோ, 4.2-இல்தான் ஆல்டர்னேட்டர் வந்தது. மூன்று எஸ்யூ கார்புரேட்டர்கள். மெல்லிய முதுகுள்ள பக்கெட் இருக்கைகள். தட்டின் ஓரத்தில் தெரிந்த 860 என்ற தொடக்கம், வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கூபேக்கு (நிலையான கூரையுள்ள வகைக்கு) உரியது. ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் இருந்தது. இது 3.8 கூபே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு பக்கவாட்டுப் படங்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். வலப்பக்கம் மேலே விரல்நகம் நுழையாத நெருக்கம், கீழே சுண்டுவிரல் நுழையும் அகலம். சக்கரங்கள் இரு முனையையும் தாங்க, நடுப்பகுதி தொய்ந்தால் கதவின் மேல் இடைவெளி மூடிக்கொண்டு கீழ் இடைவெளி திறக்கும். இந்த வண்டியின் முதுகெலும்பே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற ஸில் பகுதிதான். அது உள்ளே கரைந்திருக்க வேண்டும். இல்லையென்றால், உள்ளே முட்டுக் கொடுக்காமல் யாரோ அறுத்து வெல்டிங் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்த படம் கோடுகளை வளைத்துக் காட்டும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் எடுத்த இரு பக்கப் படங்களை ஒப்பிட்டேன். லென்ஸின் குறையாக இருந்திருந்தால் இரு பக்கமும் வளைந்திருக்கும்.

தூசியையும் பார்க்க வேண்டும். பழைய ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் தூசியோடு விற்பது இப்போது ஒரு பாணி. 2015-இல் பாரிஸில், பிரான்சில் ஒரு குடும்பத்தின் கொட்டகைகளில் கண்டெடுத்த பையோன் சேகரிப்பின் ஏறக்குறைய 60 கார்கள் தூசியும் துருவுமாக ஏலத்துக்கு வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின் தூசிக்கே ஒரு விலை வந்துவிட்டது. இந்த வண்டியில் தூசி இயல்பாகவே படிந்திருந்தது. ஆனால் பின் சக்கர வளைவுக்குள் கறுப்பாக, ஈரம்போல மினுங்கும் புது அண்டர்கோட்டிங், அதாவது அடித்தகட்டில் பூசும் துருத்தடுப்புப் பூச்சு. 30 வருடம் நின்ற வண்டிக்கு அந்த இடத்தில் மட்டும் அது எப்படி வந்தது?

உள்ளே எடுத்த 9-ஆவது படம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு எடுத்திருந்தார். தளம் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் அழகான குழிவு. தளத்தைக் குழித்த பிறகுதான் அந்தத் தகட்டைக் குழித்தார்கள் என்று மேலே சொன்னேன். தட்டைத் தளமும் குழிந்த தடுப்பும் சேர்ந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்திருக்க முடியாது.

தம்பிக்குப் போன் செய்தேன். “ஃபிளாட் ஃப்ளோர் இல்லடா இது. குழி துருப்பிடிச்சு ஓட்டையானப்ப யாரோ மேல ஒரு தட்டைத் தகட்டை வெச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க.”

சிறிது நேரம் அவன் பேசவில்லை. “அப்போ விட்டுடலாமாண்ணே?”

“விலையை விட்டுடலாம். வண்டியைப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியாது.”

பழைய விளம்பரம்

படங்களை ஒவ்வொன்றாகப் படத்தேடலில் போட்டேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு விளம்பரம் கிடைத்தது. அதே ஷெட், அதே மரத்தூண், அதே வண்டி, விற்பவர் வேறு. அந்தப் படங்களில் பானட் திறந்திருந்தது. உள்ளே எஞ்சின் இல்லை. டாஷ்போர்டில் கடிகாரம் இருந்தது. இப்போதைய படங்களில் அந்த இடத்தில் ஓட்டை. கேட்ட விலை இப்போதையதில் பாதி.

எங்கும் கிடைக்கும் இந்த வசதியை, பெரும்பணம் போடப்போகிறவர்கள்கூடப் பயன்படுத்தாமல் இருப்பதைப் பார்த்து நான் வருத்தப்படுவதுண்டு. கார் கை மாறும், ஆனால் அதன் படங்கள் அழிவதில்லை. பழைய விளம்பரம் கிடைத்தால் விற்பவரை மடக்குவதற்காக அதை எடுத்து வீசக் கூடாது. அமைதியாகக் கேட்டால் கதை தானே வரும்.

கேள்விகள்

விற்பவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினோம். அன்றைய தேதி எழுதிய காகிதத்தை அருகில் வைத்து, தகவல் தட்டு முழுவதும் தெரியும்படி ஒரு படம். எஞ்சின் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே பொறித்த எண். ஹெட்டின் முன்முனையில் பொறித்த எண். முன் சட்டத்தில் வலப்பக்க ஷாக் அப்சார்பர் பிடிப்புக்கு மேலே பொறித்த சேஸிஸ் எண். கதவுகளுக்கு அடியில் கையை நீட்டி எடுத்த படம். கடைசியாக, பானட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் சாய்வாக ஒரு படம். தூசி படிந்த பெயின்ட்டில் எதிரொளி தெரியாது. ஈரமான தகட்டில் கூரைக் கட்டை நேர்கோடாகத் தெரிந்தால் அடியில் நல்ல தகடு இருக்கிறது. அலையலையாகத் தெரிந்தால் பட்டி பூசியிருக்கிறார்கள்.

தண்ணீர்ப் படம் வரவில்லை. ஷெட்டில் குழாய் இல்லை என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். அந்தத் தவறின் விலை பின்னால் தெரிந்தது.

மற்றவை வந்தன. தட்டில் எஞ்சின் எண் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கியது. 3.8 இ-டைப்புக்கு அதுதான் வழக்கம். பிளாக்கிலும் ஹெட்டிலும் இருந்த எண் இஸட் என்று தொடங்கியது. அது மார்க் 10 என்ற பெரிய ஜாகுவாரின் எஞ்சின். 1961 அக்டோபரில் வந்த அந்த வண்டியிலும் இதே 3.8 லிட்டர், இதே மூன்று கார்புரேட்டர் அமைப்புதான். அதனால் எஞ்சின் போன இ-டைப்களுக்கு மார்க் 10 நீண்ட காலம் தானம் செய்துவந்தது. மூடி திறந்து பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஓட்டுவதற்கு அது நல்ல எஞ்சின், குறையொன்றும் இல்லை. மேட்சிங் நம்பர்ஸ் என்று விலை சொல்லத்தான் முடியாது.

அப்புறம் போனில் பேசினோம். விற்பவர் நிதானமானவர். பழைய விளம்பரம் தன் சித்தப்பா போட்டது என்றார். சித்தப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது, வண்டி இவர் கைக்கு வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தியபோது அது சொந்த எஞ்சினோடுதான் ஓடியது. பின்னர் ஒருமுறை பழுதுபார்க்க இறக்கி வெளியே அனுப்பிய எஞ்சின் திரும்பி வரவே இல்லை. வண்டியை விற்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சித்தப்பா வேறொரு எஞ்சினை வாங்கி வைத்தார்.

“மேட்சிங் நம்பர்ஸ்னு போட்டிருந்தீங்களே சார்?”

“சித்தப்பா ஜாகுவார் ஹெரிடேஜ் டிரஸ்ட்ல இருந்து சர்ட்டிஃபிகேட் வாங்கி வெச்சிருந்தாரு. தட்டுல இருக்கிறதும் அதுல இருக்கிறதும் அப்படியே பொருந்துது. அதைத்தான் போட்டேன்.”

பொய் இல்லை. தட்டும், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் அந்தச் சான்றிதழும் பொருந்தத்தான் செய்தன. வண்டிதான் இரண்டோடும் பொருந்தவில்லை. சான்றிதழின்படி தயாரான மாதம் 1962 ஆகஸ்ட். 1961 என்ற வருடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “61 மாடல்னுதான் வீட்ல சொல்லுவாங்க” என்றார்.

நேரில்

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். காந்தம், டார்ச், நுனி மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, போனில் மாட்டும் குழாய்க் கேமரா. முதலில் முன்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது வலக்கதவின் இடைவெளியில் விரலை வைத்திருந்தேன். சக்கரம் தரையை விடும் முன்பே அந்த இடைவெளி அசைந்தது. ஸில் செத்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். குழாய்க் கேமராவை உள்ளே விட்டோம். செதில் செதிலாகத் துரு, அதற்கு வெளியே அண்மையில் ஒட்டவைத்த ஒரு தகடு. புது அண்டர்கோட்டிங் மறைத்தது இதைத்தான். தளம் நாங்கள் நினைத்தபடியே: பழைய குழிகளின் விளிம்பு கீழிருந்து பார்த்தால் தெரிந்தது.

டிஃபரன்ஷியல், பின் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் மூன்றும் அசல். கியர்பாக்ஸ் எண் தட்டோடு பொருந்தியது. கண்ணாடிகள் முழுமை.

முன் சட்டம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. மற்றதெல்லாம் அறுபது வருடத்துத் தோலோடு இருக்க, அது மட்டும் இளமையாக இருந்தது. சேஸிஸ் எண் சரியான இடத்தில், சரியான எண்ணாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இல்லை, கடைசி எண் சற்றுச் சரிந்திருந்தது. யாரோ கையால் அடித்த எண்.

இ-டைப்பின் பெரிய முரண் இதில்தான் இருக்கிறது. வண்டியின் அடையாள எண் பொறித்திருப்பது போல்ட் போட்டு மாட்டும் ஒரு பாகத்தில். அது மெல்லிய குழாய்ச் சட்டம், உள்ளிருந்து துருப்பிடிக்கும், பேட்டரி அமிலம் பட்டால் அரித்துப்போகும், விபத்தில் முதலில் வளையும். ரிப்பேரில் மாற்றியே ஆகவேண்டிய பாகம் அது. அதை மாற்றும்போது வண்டியின் பெயரும் கழன்று வந்துவிடுகிறது. ஒரு நல்ல சட்டமும் ஒரு காகிதமும் இருந்தால், இல்லாத ஒரு வண்டியை உண்டாக்கிவிடலாம். தகவல் தட்டுகளும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

“சித்தப்பா இந்தச் சட்டத்தை மாத்தினாரா சார்?”

“ஆமா. பழசு அங்க மேல இருக்கு பாருங்க.”

தலைக்கு மேலே, கூரைக் கட்டையில் கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தோம். இரண்டு குழாய்கள் அடியில் காகிதம்போல் உதிர்ந்தன. எண் பொறித்த மேல்பகுதி முழுசாக இருந்தது. துருவைத் துணியால் துடைத்ததும் தொழிற்சாலை எழுத்தில் அதே எண். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தத் தேதியில் எதைக் கழற்றினார், எதை எங்கிருந்து வாங்கினார் என்று சித்தப்பா எழுதியிருந்தார். சட்டத்தை மாற்றிய நாளும் இருந்தது. எஞ்சினை எந்த லேத் பட்டறைக்கு அனுப்பினார் என்பதும் இருந்தது. பழைய சட்டம், நோட்டு இரண்டைப் பற்றியும் விளம்பரத்தில் ஒரு சொல் இல்லை. விற்பவர் அவற்றைக் குப்பையாக எண்ணியிருக்கிறார்.

1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரைப் பற்றியது. அதன் பாகங்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் மாறிவிட்டன. அப்படியிருக்க விற்கப்பட்ட வண்டியை அதே வண்டி என்று சொல்லலாமா என்பது கேள்வி. இடையில் அறுபடாமல் ஒரே வண்டியாகத் தொடர்ந்து வந்த வரலாறு இருந்ததால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்று தீர்ப்பானது. எங்கள் முன்னால் இருந்தது அத்தனை புகழ்பெற்ற வண்டி அல்ல. ஆனால் அறுபடாத வரலாறு என்று சொல்வது எப்படி இருக்கும் என்று அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது தெரிந்தது. திரும்பி வரும் வழியில் தம்பியிடம் சொன்னேன்: “அந்தத் துருப்பிடிச்ச சட்டமும் நோட்டும் இல்லாம வண்டியை வாங்காத. அது ரெண்டும் இருந்தா, வண்டி யாருன்னு நாளைக்கு யார் கேட்டாலும் பதில் இருக்கு.”

மாற்றிய சட்டத்தில் எண்ணைத் திரும்பப் பொறிப்பதற்கான விதி இடத்துக்கு இடம் மாறும். பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டிய விஷயம் அது. அதை முடித்த பிறகே பணம் கொடுத்தோம்.

கணக்கு

கேட்ட விலை 100. விளம்பரம் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தால், வேலை முடித்த வண்டி 300 போகும். உண்மையில் இருப்பது 1962 ஆகஸ்ட் மாதத்து, எஞ்சின் மாறிய, வரலாறு தெளிவான ஒரு 3.8 கூபே. அது முடித்தால் 220.

செலவு: பாடியும் டிங்கர் வேலையும் 52, பெயின்ட் 16, எஞ்சினும் கியர்பாக்ஸும் 22, பிரேக்கும் சஸ்பென்ஷனும் 12, இருக்கை, குரோம், கண்ணாடி, ஒயரிங் எல்லாம் சேர்த்து 18. மொத்தம் 120. இதுவே தம்பி கழற்றுவதும் பூட்டுவதும் சுத்தம் செய்வதும் தானே செய்வான் என்று வைத்துப் போட்டது. தெரியாமல் வரும் செலவுக்குக் கால்பங்கு சேர்த்தால் 150. 220-இலிருந்து 150 போனால் 70. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஆசைக்காகக் கொடுப்பது. ஆசைக்குக் கொடுப்பதில் தவறில்லை, எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ரெஸ்டோரேஷன் செலவு வாங்கிய விலையைப் பார்த்து மாறுவதில்லை. மலிவாக வாங்கிய வண்டியின் ஸில்லுக்கும் அதே தகடு, அதே வெல்டிங், அதே மணிநேரம்தான்.

விற்பவரிடம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்தோம்: 9-ஆவது படம், இஸட் எண், கதவின் இடைவெளி. அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் உடைந்துபோனார். சித்தப்பா பெரிய பொக்கிஷத்தை விட்டுப்போயிருக்கிறார் என்று நம்பியிருந்தார். சித்தப்பா விட்டுப்போன நோட்டுப் புத்தகம்தான் இந்த வண்டியைக் காப்பாற்றியது என்று நான் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. நாங்கள் 55 என்றோம். 64-இல் முடிந்தது, பழைய சட்டமும் நோட்டும் உட்பட.

பின்னர்

பதினாறு மாதம் ஆகிறது. கதவுகளின் வாசலில் குறுக்கே இரும்புக்குழாய் முட்டுக் கொடுத்து, கூட்டை நேராக்கி, ஸில்களை ஒவ்வொரு பக்கமாக அறுத்து மாற்றியாகிவிட்டது. தளத்தில் 1962 ஆகஸ்டுக்கு உரிய குழிகள் திரும்ப வந்துவிட்டன. தட்டையாகவே விட்டுவிட்டால் விலை வருமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தம்பி அவரிடம் அதற்குமேல் பேசவே இல்லை.

நாங்கள் தோற்ற இடம் பானட். இ-டைப்பின் பானட் முன்பக்கம் முழுவதையும் ஒன்றாக மூடும் பெரிய உறுப்பு, விலை மிகுந்த உறுப்பும்கூட. நேரில் காந்தத்தை ஓட்டினேன். பெரும்பாலும் பிடித்தது, மூக்குப்பகுதியில் தளர்வாகப் பிடித்தது. நான்கைந்து இடத்தில்தான் பார்த்தேன். கதவிலும் ஸில்லிலும் மனம் போய்விட்டதால் அங்கே நிற்கவில்லை. பெயின்ட்டை உரித்தபோது மூக்கிலும் இடது மேற்புறத்திலும் விரல் தடிமனுக்குப் பட்டி, கீழே பழைய விபத்தொன்றின் சுருக்கம். தண்ணீர்ப் படம் வந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். 14 கூடுதலாகப் போனது, எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய 30-இல் ஏறத்தாழ பாதி. இப்போதெல்லாம் ஷெட்டில் குழாய் இல்லை என்று யாராவது சொன்னால், ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

கடிகாரம் கிடைத்துவிட்டது. மார்க் 10 எஞ்சின் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது, ஹெட்டின் நீர்வழிகளில் இரண்டு இடத்தில் அரிப்பு, வெல்டிங் வைத்துக் கடைய வேண்டும். நோட்டில் இருந்த லேத் பட்டறையைத் தேடிப்போனோம். நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார், மகன் இருக்கிறார். ஆர் எண்ணுள்ள அந்தப் பிளாக்கை ஒரு படகுக்கு எஞ்சின் தேடி வந்தவருக்குக் கொடுத்ததாக அவருக்கு மங்கலாக நினைவிருக்கிறது. தம்பி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.